மறுபக்கத்து ஸ்பீக்கர்

டிஜே கன்ட்ரோலர் வாங்கியதிலேயே ஞானதுரையின் காசு கரைந்துபோனது. ஸ்பீக்கர் ஒன்றுதான் வாங்க முடிந்தது. முதல் கல்யாண ஆர்டர் வந்தது. மண்டபத்து மேடையின் இடப்பக்கம் அந்த ஸ்பீக்கரை வைத்து ஒயரைச் செருகினான்.

மாப்பிள்ளையின் தாய்மாமா மண்டபம் அதிரக் கத்தினார்.

"வலப்பக்கம் எங்கடா? ரெண்டு பக்கமும் சத்தம் வரணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

ஞானதுரை வலப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டான்.

"உக்காருங்கய்யா. இந்தப் பக்கம் நீங்க சவுண்டு விட்டாப் போதும்."

மணப்பெண்ணே சிரித்துவிட்டாள். "பாட்டைப் போடுங்கண்ணா" என்றாள். மாமா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆடி முடித்து எல்லோரும் பந்திக்குப் போனார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. மைக்கை எடுத்து, "ஞானதுரை, சாப்பிட்டியா?" என்றான்.

காலி மண்டபம் திருப்பிக் கேட்டது: "சாப்பிட்டியா?"

யாரோ விசாரித்த மாதிரிதான் இருந்தது.