முசுறு சொல்லாத பொருள்

அந்தக் காலத்தில் காட்டில் எல்லா உயிர்களும் பேசின. பேச்சு அதிகம், சொற்கள் குறைவு. எதை எப்படிப் பிடித்தாலும் 'பிடித்தல்' என்ற ஒரே சொல்தான். பருந்து மீனைத் தூக்கினாலும் அதுதான். குட்டி தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டாலும் அதுதான். "நான் பிடித்தேன், எனக்குத்தான்" என்று ஒன்று சொல்லும். "நானும்தான் பிடித்தேன்" என்று இன்னொன்று இழுக்கும். நடுவில் இருந்த பழம் நசுங்கிப்போகும்.

இந்த வழக்குகளைக் கேட்டு அலுத்த ஆற்றங்கரை மாமரம் ஒரு நிபந்தனை போட்டது. பிடித்தல் என்றால் என்ன என்று பொருள் சொல்லி, செய்தும் காட்டுகிறவர்களுக்கே இனி தன்மேல் இடம். தீர்ப்புச் சொல்லும் வேலை இருவாச்சிப் பறவைக்குக் கிடைத்தது. அதற்கு அலகு பெரியது. கண்டிப்பு அதைவிடப் பெரியது.

முசுறு எனும் செவ்வெறும்புகளுக்கு அந்த இடம் உயிர்ப் பிரச்சினை. அப்போது அவை ஆற்று மணலில் குழி தோண்டி வாழ்ந்தன. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் குழிக்குள் புகுந்து குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும். பெரியவை தத்தளித்துக் கரையேறிவிடும். புழுவைப் போன்ற குஞ்சுகளுக்குக் காலே கிடையாது.

விசாரணை நாளில் மலைப்பக்கம் கறுத்திருந்தது.

"பிடித்தல் என்றால் எடுத்துக்கொண்டு போவது" என்றது பருந்து. அதன் காலில் ஒரு கெண்டை மீன் துடித்தது. உச்சிக்கிளை அதற்குக் கிடைத்தது.

"விழாமல் இருப்பது" என்று மந்தி ஒற்றைக் கையில் தொங்கியது. நடுக்கிளை அதற்கு.

"எதிராளி கத்தும்வரை நெரிப்பது" என்ற நண்டு, தொங்கிய மந்தியின் வாலிலேயே அதைச் செய்துகாட்டியது. மந்தி கத்தியது.

"பொருள் சரி. ஆனால் உனக்கு மரம் ஏற வராது. வேரடியை வைத்துக்கொள்" என்றது இருவாச்சி.

உடும்பு அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, "விடாமல் இருப்பது" என்றது. அடிமரம் அதற்குப் போனது.

"அடுத்து யார்?"

"நாங்கள், அம்மா."

இருவாச்சி கழுத்தைச் சாய்த்துத் தேடியது. வேரின்மேல் முசுறுக் கூட்டம் நின்றது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குஞ்சு. முன்னால் நின்ற செம்பி என்பவள் மட்டும் வெறும் வாயோடு இருந்தாள்.

"இதுகள் எதைப் பிடிக்கும்? மழையில் நனைந்தால் சளி பிடிக்கும்!" என்று மந்தி வாலைத் தடவிக்கொண்டே சிரித்தது.

"முதலில் செய்துகாட்டுகிறோம், அம்மா. பொருளை அப்புறம் சொல்கிறேன்" என்றாள் செம்பி.

"முறை அப்படி இல்லை. பொருள்தான் முதலில்."

"ஆற்றைப் பாருங்கள், அம்மா."

செந்நீர் வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. செம்பி அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தோடு தாழ்ந்த கிளைக்கு ஓடினாள். ஒரு இலையின் விளிம்பைக் கவ்வினாள். குஞ்சைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, தங்கை ஒருத்தி செம்பியின் இடுப்பைக் கவ்வினாள். அவள் இடுப்பை இன்னொருத்தி. இப்படியே நீண்ட சங்கிலி எதிர் இலையைத் தொட்டது. எல்லோரும் பின்னால் இழுத்தார்கள். இரண்டு இலைகளும் மெல்ல நெருங்கின. அதுவரை தடித்திருந்த இடுப்புகள் இழுபட்டு நூலாயின.

வெள்ளம் வேரை மூடியது. காற்று கிளையை உலுக்கியது.

"செம்பி, இப்போதாவது பொருளைச் சொல்! சொல்லாதவர்களை மரத்தில் வைத்திருக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்று கத்தியது இருவாச்சி.

செம்பி இலையை இன்னும் இறுக்கிக் கவ்வினாள்.

"இடுப்பு அறுந்துவிடும் தாயி, விட்டுவிடு" என்றது உடும்பு. விடாமல் இருப்பதைப் பற்றி அத்தனை பேசிய அதே உடும்புதான்.

"ஒரே ஒரு சொல். சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்றது மந்தி.

சொல்ல வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் இலை போய்விடும். இலை போனால் குஞ்சுகளும் போய்விடும். செம்பி வாயைத் திறக்கவில்லை.

மற்ற முசுறுகள் குஞ்சுகளை வாயில் ஏந்தி, இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் மாற்றி மாற்றித் தொட்டன. குஞ்சுகளின் வாயிலிருந்து வெள்ளை இழை வந்தது. காலில்லாத குஞ்சுகள் தங்கள் வீட்டைத் தாங்களே தைத்தன.

பாதித் தையலில், காற்றோடு வந்த சுள்ளி ஒன்று செம்பியின் மேல் அடித்தது. இடுப்புக்குப் பின்னால் இருந்த உடல் முறிந்து வெள்ளத்தில் விழுந்தது. தங்கை கவ்வியிருந்த முன்பாதி நகரவில்லை. கடித்த இலை கடித்தபடியே இருந்தது.

மழை விட்டபோது தையல் முடிந்திருந்தது. உள்ளே ஒரு குஞ்சும் குறையவில்லை. இருவாச்சி இறங்கி வந்து, செம்பியின் வாயைத் தன் அலகால் நெம்பிப் பார்த்தது. திறக்க முடியவில்லை.

"இவர்கள் பொருளே சொல்லவில்லையே!" என்று வேரடியிலிருந்து நண்டு முறையிட்டது.

"நீங்கள் நாலு பேரும் வாயைத் திறந்து சொன்னீர்கள். இவள் திறந்திருந்தால் பிடித்தலின் பொருளே பொய்யாகியிருக்கும்" என்றது இருவாச்சி.

மந்தி மெதுவாகக் கேட்டது: "அப்படியானால் இவர்களுக்கு எந்தக் கிளை?"

"அதை இவர்கள் முடிவு செய்யட்டும். இனி நீங்கள்தான் இவர்களைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும்."

அன்று முதல்தான் முசுறு பேசுவதில்லை. அதன் இடுப்பு நூலாக இருக்கிறது. உடலைப் பிய்த்து எறிந்தாலும் கடித்த தலை விடுவதில்லை. கேட்காமல் மாமரம் ஏறுகிறவர்கள், செம்பி சொல்லாமல் விட்ட பொருளைத் தங்கள் தோலிலேயே படித்துவிட்டு இறங்குகிறார்கள்.