பேர் மட்டும் இருந்த நெல்

விதை வங்கியில் வயல் வேலை பார்த்த குருவம்மாளுக்கு, அங்கே நடக்கும் விதைப் பாதுகாப்புப் பயிற்சியில் சேர்ந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம். மூன்று முறை மனு கொடுத்தாள். "பட்டம் படிச்சவங்களுக்குத்தான் பயிற்சி" என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார் இயக்குநர் சபாரத்தினம். நாலாவது முறை மாணவர்கள் முன்னாலேயே சிரித்தார்.

"இங்கே நாலாயிரம் நெல் ரகம் இருக்கு. இல்லாத ஒண்ணைக் கொண்டு வா, சேர்த்துக்கிறேன்."

மறுநாள் அவள் ஒரு கைப்பிடி நெல்லை மேசையில் வைத்தாள். "செங்காரி நெல்லுங்க ஐயா."

"இதுவா? நம்ம குளிர் அறையிலேயே ஒரு டப்பா இருக்கே!"

"அதையும் இதையும் முளைக்கப் போட்டுப் பாருங்க ஐயா."

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் போட்டார்கள். பத்து நாளில் குருவம்மாளின் நெல் பச்சைப்பசேலென்று நின்றது. டப்பா நெல்லில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"உங்ககிட்ட இருக்கிறது பேருங்க ஐயா. நெல்லு என்கிட்டதான் இருக்கு."

இயக்குநர் ஒரு நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "உன்னுது மட்டும் எப்படி உயிரோட இருக்கு?"

"வருஷா வருஷம் விதைக்கிறேன். நாலாயிரத்தையும் அப்படிக் காப்பாத்தத்தான் பயிற்சி கேட்டேன்."

திங்கட்கிழமை குருவம்மாள் வகுப்புக்கு வந்தாள். நாலாயிரத்தையும் விதைக்க ஆள் வேண்டுமே என்று, வயலில் வேலை செய்யும் ஏழு பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். இயக்குநர் எட்டுப் பேரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.