நிற்கிற லாரிக்கு என்ன செலவு?

அந்தப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் குருவுக்கு வயது முப்பத்தேழு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்க வேண்டாம். பாலம் கட்டும் பிரிவிலிருந்து மாறி வந்த அருளப்பன், "இந்த வேலை எனக்குப் புதுசு மேடம், நீங்கதான் சொல்லித் தரணும்" என்று கூச்சப்படாமல் கேட்டவர். செண்பகவல்லியும் சரி என்றார்.

இது அருளப்பனின் முதல் திட்டம். பகல் முழுக்க ஒரு லாரியும் ஊருக்குள் வரக்கூடாது. சரக்கோடு எல்லையிலேயே நிற்க வேண்டும். பள்ளிக்கூடத் தெருவில் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கலாம். மத்தியானம் இதை முடிவு செய்யும் கூட்டம். செண்பகவல்லி கையெழுத்துப் போட்டால் உடனே அமல். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்த செண்பகவல்லியின் பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"டீசல் போட்டிருக்கீங்க, டயர் தேய்மானம் போட்டிருக்கீங்க, ரிப்பேர்கூட இருக்கு. காத்திருக்கிற நேரத்துக்கு மட்டும் சைபரா சார்?"

"இன்ஜினை அணைச்சுட்டு ஓரமா நிக்கிற லாரிக்கு என்ன மேடம் செலவு?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கொஞ்சம் ரோஷமும் இருந்தது.

செண்பகவல்லி பென்சிலைக் கீழே வைத்தார். "தொண்டை வறண்டு போச்சு. தண்ணி கேனைக் கீழேயே வச்சுட்டுப் போயிட்டாங்களாம். லிஃப்ட் வேற ஓடல."

"இதுக்கா கவலை? நான் தூக்கிட்டு வர்றேன்."

வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கேனைத் தோளில் ஏற்றி, இரண்டு மாடியையும் விறுவிறுவென்று ஏறி அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

செண்பகவல்லி கையைக் காட்டித் தடுத்தார். "அங்கேயே நில்லுங்க சார். இப்ப உள்ளே வரக்கூடாது. இறக்கவும் வேண்டாம். இதைப் படிச்சு முடிச்சுடறேன்."

அருளப்பன் நின்றார். படியேறும்போது தெரியாத கனம் இப்போது தெரிந்தது. செண்பகவல்லியோ மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அட கடவுளே! நாலாம் பக்கத்தில் தோள் மரத்துப் போனது. வேர்வை கழுத்தில் இறங்கி சட்டை நனைந்தது. வரைபடத்தை வேறு நிதானமாக விரித்துப் பார்த்தார் அந்த அம்மா. நம்மேல் இவருக்கு என்ன கோபம் என்று அருளப்பனுக்கு எரிச்சலாக வந்தது.

ஒருவழியாகக் கடைசிப் பக்கம் வந்தது. செண்பகவல்லி பேனாவைத் திறந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

"போடுங்க மேடம்... அதுக்கு முன்னால இதை இறக்கி வச்சுடறேனே. தோள் விட்டுப்போச்சு!"

"ஏன் சார்? இவ்வளவு நேரமா நீங்க ஒரு அடிகூட நடக்கலையே."

அருளப்பன் தோளில் இருந்த கேனைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த திட்டத்தைப் பார்த்தார். வெளியே எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"பேனாவை மூடிடுங்க மேடம்," என்றார் கடைசியில். "பள்ளிக்கூடம் கூடுற நேரம், விடுற நேரம் மட்டும் தடைன்னு வச்சு மறுபடி எழுதிட்டு வர்றேன்."

"மூடிட்டேன் சார். உள்ளே வந்து இறக்குங்க."