அடைப்புக்குறிக்குள் பன்னிரண்டு

ஞானசிகாமணி கல்லூரியில் இருபது வருடம் இயற்பியல் நடத்தியவர். நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்காக மாணவராகத் திரும்பி வந்தார். நெறியாளர் ரெஹானா அவரைவிட ஒன்பது வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

மெல்லிய கம்பியில் தொங்கும் சிறு குண்டுகளைப் பெரிய ஈயக்குண்டுகள் எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்துப் பார்த்து, நான்கு வருடத்தில் ஈர்ப்பு மாறிலியை அளந்து முடித்தார். வந்த எண் 6.671. அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 12. கடைசி இலக்கங்களில் பன்னிரண்டு வரை கூடலாம், குறையலாம் என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பன்னிரண்டு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆய்வேட்டில் 4 என்று போட்டு எடுத்து வந்தார்.

ரெஹானா பக்கத்தைப் பார்த்தார்.

"பன்னிரண்டு எப்படி சார் நாலாச்சு?"

"கம்பி வெயிலுக்கு நெகிழ்வதைக் கணக்கில் சேர்க்கவில்லை, மேடம்."

"இப்போது நெகிழ்வதில்லையா?"

"நெகிழ்கிறது."

ரெஹானா அந்த நாலின் மேல் விரலை வைத்தார்.

"வெட்கமாக இருக்கிறது மேடம். நாலு வருஷம் உழைத்துவிட்டு, எனக்குத் தெரியாததையும் நானே எழுதி நீட்டுவதா?"

ரெஹானா அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆய்வேட்டை எடுத்து விரித்து வைத்தார். ரெஹானாவின் மறைந்துபோன ஆசிரியர் எழுதியது. 6.64, அடைப்புக்குறிக்குள் 5. இலக்கம் ஒன்று குறைவதால், இவருடைய பன்னிரண்டைவிட நான்கு மடங்கு பெரிய பிழை. கீழே ஒரே வரி: 'இதில் பெரும்பகுதி எதனால் என்று எனக்குத் தெரியவில்லை.'

"அவர் இதைப் படித்துக் காட்டியபோது அரங்கமே சிரித்ததாம்" என்றார்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அந்த வரியிலிருந்துதான் என் வேலையைத் தொடங்கினேன். ஆறு வருஷம்."

"காரணம் கிடைத்ததா?"

"கிடைத்தது. மழைக்காலத்தில் ஆய்வகத்தின் தரை மயிரிழை சாய்ந்திருக்கிறது."

ஞானசிகாமணி அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து நாலை அடித்தார். பன்னிரண்டு என்று எழுதினார்.

"அவரிடம் போய்ச் சொன்னீர்களா, மேடம்?"

"வீட்டுக்கே போய்ச் சொன்னேன். படுக்கையில் இருந்தார்."

"வருத்தப்பட்டாரா?"

"என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார், சார். தெரியாது என்று எழுதி வைத்ததை ஒருத்தியாவது நம்பினாளே என்று."