அம்பலவாணர் அடக்கி ஓட்டிய வண்டி

ஒரு காட்டில், குன்றின் உச்சியில், அம்பலவாணர் என்ற ஆமை குடியிருந்தார். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளின் கல்யாணத்துக்கென்று கிளம்பியவர், அவள் பிள்ளையின் காதுகுத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். இரண்டாமவள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் கயிறு மட்டும் கிடந்தது. அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"கடைக்குட்டி செங்கமலத்தின் கழுத்தில் தாலி ஏறுவதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்" என்று புது மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். மனைவியும் மகளும் கல்யாணம் நடக்கும் ஆற்றங்கரைக்கு ஒரு மாதம் முன்பே நடையாய்க் கிளம்பிவிட்டார்கள்.

ஓட்டப் பழக்க வந்தவன் ஓணான் மாரிச்சாமி. பெரிய அவசரக்காரன்.

"கிளட்சை மெள்ள விடுங்க, அண்ணாச்சி!"

மெள்ளத்தான் விட்டார். காலையில் விடத் தொடங்கிய கிளட்சு மத்தியானம்தான் விட்டு முடிந்தது. ஆனாலும் ஐந்தாம் நாள் வண்டி நேராகவே ஓடியது.

முகூர்த்த நாள் வந்தது. அம்பலவாணர் ஜம்மென்று கிளம்பினார். பின்னாலேயே ஓடிவந்த ஓணான் கத்தினான்:

"இறக்கம் வருது, அண்ணாச்சி! அடக்கி ஓட்டுங்க!"

அடக்குவதை இவருக்கா சொல்லித் தர வேண்டும்? பரம்பரைப் பழக்கமாயிற்றே! தலையை அடக்கினார். கைகளை அடக்கினார். கால்களையும் அடக்கினார்.

"ஐயையோ! வேகத்தை, அண்ணாச்சி, வேகத்தை!"

ஓட்டுக்குள் அது கேட்கவில்லை. வண்டி தன் இஷ்டத்துக்கு இறங்கியது.

கீழே, ஆற்றங்கரைப் பந்தலில் புரோகிதர் கொக்கு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தார். "அம்மி எங்கேய்யா? பெண் மிதிக்க அம்மி வராமல் நான் தாலியை எடுத்துத் தர மாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து வண்டி வந்து வாசல் வாழைமரத்தில் மோதியது. அதிலிருந்து கனமாக ஏதோ பறந்து, மணவறைக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது.

"வந்துவிட்டது அம்மி!" என்றார் கொக்கு. "நடுவில் கொஞ்சம் மேடு. பரவாயில்லை."

மேளம் கொட்டியது. தாலி ஏறியது. மாப்பிள்ளை செங்கமலத்தின் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்தார்.

"எங்கப்பா இந்தத் தடவையும் வரலையே!" என்று அவள் விம்மினாள்.

உள்ளே அம்பலவாணர், ஏதோ பள்ளத்தில் கிடக்கிறோம் என்று பயந்து கண்ணை இறுக மூடியிருந்தார்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு மெதுவாகத் தலையை நீட்டினார். எதிரே மனைவி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"முகூர்த்தம் ஆயிட்டுதா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க" என்றாள் அவள். "உங்க முதுகுமேலதான்."

நீதி: வண்டியில் அடக்க வேண்டியது வேகத்தை, கையையும் காலையும் அல்ல.