பன்னிரண்டு புள்ளிகள்

பைக் எஞ்சினின் வெளிக்கூடான கேஸின் இரண்டு பாதிகளையும் கடைசல் பட்டறை மேசைமேல் வைத்தார் வெள்ளியங்கிரி.

"அளந்து பாத்தரலாங்களா அம்மணி?"

கோகிலவாணி காய்ச்சல் பார்ப்பதுபோல் கேஸின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வேண்டாங்கண்ணா. இது இன்னும் உங்க மடியிலதான் இருக்குது."

பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். மனிதச் சூட்டை வாங்கிக்கொண்ட அலுமினியம் முடியிழையில் கால்வாசி அளவு விரியும். அப்போது அளந்தால் அளவு பொய்யாகிவிடும்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்துமூன்று வயது. முப்பது வருஷம் பைக் மெக்கானிக்காக இருந்தவர். தேய்ந்த கேஸைக் கடைந்து சரிசெய்யக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவளிடம் ஆறு மாதமாகச் சிஷ்யனாக இருக்கிறார். அந்த வட்டாரத்தில் அவளைப்போலக் கடைகிறவர்கள் யாரும் இல்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கேஸ் ஆறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. பேரிங் உட்காரும் குழி மட்டும் கிணறுபோல ஆழமாகிக்கொண்டே போனது. அதற்குள்ளிருந்து யாரோ தன்னைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

அந்தக் கேஸ் தபால்காரர் மாரண்ணனின் வண்டியுடையது. போன மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகி நின்றது. மாரண்ணன் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "வாய்க்கா தண்ணியில ஓட்டிட்டனுங்க. என் தப்புத்தான். உங்க வேலையில குத்தமே இல்லீங்க" என்றார். வெள்ளியங்கிரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் கோகிலவாணி முள் வைத்த கேஜைக் குழிக்குள் விட்டு அளந்தாள். மேலும் கீழும் சரியாக இருந்தது. கேஜைக் கால் சுற்றுத் திருப்பினாள். பக்கவாட்டில் முள் ஓடியது.

"முட்டை மாதிரி ஆயிருச்சுங்கண்ணா."

பிறகு குழியின் சுவரை விரலால் தடவினாள்.

"பன்னண்டு புள்ளி. யாரு குத்துனது?"

குழி தளர்ந்தால் சிலர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டி உள்சுவரில் புள்ளி குத்துவார்கள். குத்திய இடம் மேடிட்டு பேரிங்கைக் கவ்வும், கொஞ்ச நாளைக்கு. பிறகு பேரிங் நழுவி எஞ்சின் இறுகிவிடும்.

"யாரோ மெக்கானிக்குங்க."

"மகராசன், கோலம் போட்ட மாதிரி குத்தியிருக்கறான்."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

"எவ்வளவு வெட்டோணுங்க?"

"அதுதான் தெரியலைங்க. ஒரே தடவை குத்துனதுன்னா ஒரு மில்லி வெட்டுனாப் போதும். தேச்சுட்டு மறுக்கா குத்துனதுன்னா அடியில விரிசல் இருக்கும், ரெண்டு மில்லி போகோணும். அத்தனை தாங்குமா இந்தச் சுவரு?"

வெள்ளியங்கிரி விரல்களுக்கிடையில் சுவரைப் பிடித்துப் பார்த்தார். தாங்காது.

"தாங்கலைன்னா?"

"பழைய இரும்புக் கடைதான். இந்த மாடலுக்கு வேற கேஸு எங்கீங்க கெடைக்குது?"

தூறல் நின்றிருந்தது.

"ஒரே தடவைதானுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "சின்னச் சுத்தியல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குத்துனதே நான்தானுங்க அம்மணி."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷினின் கைப்பிடியைத் திருப்பி ஒரு மில்லிக்கு வைத்தாள்.

இரண்டு பாதிகளையும் சேர்த்து போல்ட் போட்டு மெஷினில் ஏற்றினார்கள். உளி சுற்றத் தொடங்கியது. வெள்ளைச் சுருள்கள் வேப்பம்பூபோல உதிர்ந்தன. வெள்ளியங்கிரி குனிந்து எண்ணினார். ஐந்து புள்ளி போயிற்று. எட்டுப் போயிற்று. பன்னிரண்டாவது கொஞ்ச நேரம் நிழல்போல நின்று, அதுவும் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தானும் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதுபோல இருந்தது. சுகமாகத்தான் இருந்தது.

கேஸை அடுப்பில் சுடவைத்தாள். குழிக்குள் போடவேண்டிய இரும்பு வளையத்தை ஐஸில் வைத்தாள். அவர் சுத்தியலோடு வந்து நின்றார்.

"அது எதுக்குங்கண்ணா?"

"அடிச்சு உட்கார வெக்க வேண்டாமுங்களா?"

"கையைத் தள்ளி வெச்சுக்குங்க."

சூடான குழியின்மேல் குளிர்ந்த வளையத்தைப் பிடித்து, விட்டாள். அது தானாகவே இறங்கி உட்கார்ந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எல்லாம் ஆறிய பிறகு வளையத்தையும் அளவுக்குக் கடைந்து முடித்தாள். வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டு குழியைச் சுற்றி விரலை ஓட்டினார்.

"ஒரு புள்ளிகூட இல்லீங்க."

"இல்லீங்க."

"மாரண்ணன் கழட்டிப் பார்த்தாலும் தெரியாது."

"தெரியாதுங்க."

"வண்டி இனி நல்லா ஓடும்."

"ஓடுமுங்க."

வெள்ளியங்கிரியின் குரல் உயர்ந்தது. "அப்பறம் எதுக்குங்க அம்மணி அவருகிட்ட நான் போய்ச் சொல்லோணும்?"

கோகிலவாணி கையில் ஒட்டியிருந்த சுருள்களைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"சொல்லோணும்னு நான் சொல்லவே இல்லீங்களே அண்ணா."