ஆட்காட்டியின் மூன்றாம் வரி

வேலங்காட்டுக் குளக்கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை தன் பெட்டையோடு குடியிருந்தது. சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு சிறு குழி. குழியில் நான்கு முட்டைகள். கூரை கிடையாது, வேலி கிடையாது. காவல் என்று இருந்தது ஒன்றுதான். யார் வந்தாலும் ஆட்காட்டி கத்தும். அது கத்தினால், கரையில் இருந்த மற்ற ஆறு ஆட்காட்டிகளும் பறந்து வந்து வந்தவன் தலையில் கொத்தும்.

அந்த ஆண்டு குளிருக்கு வடக்கிலிருந்து வந்த வாத்து ஒன்று ஹைக்கூ எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்தது.

"மூன்றே வரி. முதல் வரியில் ஐந்து எழுத்து, அடுத்ததில் ஏழு, கடைசியில் ஐந்து. புள்ளி வைத்த எழுத்தை எண்ண வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். என்ன பருவம் என்று தெரிய வேண்டும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் மாசி முடிந்து, வாத்துக்கூட்டம் கிளம்பிவிட்டது. அதுவும் போய்விட்டது.

பாடம் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று ஆட்காட்டி, மற்றது குளத்து நண்டு. ஆட்காட்டி சொல்லும், நண்டு கால்களைத் தூக்கி எண்ணும். ஒரு பக்கம் ஐந்து கால். ஏழு வேண்டுமென்றால் மறுபக்கத்தில் இரண்டு. ஹைக்கூவுக்கென்றே அமைந்த உடம்பு என்பது நண்டின் எண்ணம். சொந்தமாக ஒரு வரிகூட அது சொன்னதில்லை.

ஆட்காட்டி முதல் வரியைச் சொன்னது.

"பொன்னிறக் கதிரவன் பூமிப்பந்தைத் தழுவ..."

"பதினான்கு," என்றது நண்டு. "எனக்கு இருப்பதே பத்துக் கால்."

இப்படியே ஒரு மாதம் போயிற்று. ஒருநாளும் மூன்றாம் வரி வரை போக முடியவில்லை.

"உனக்கு ஏன் வரவில்லை தெரியுமா?" என்றது நண்டு. "நாள் முழுக்கக் கண்டபடி கத்துகிறாய். உன் கத்தலை எண்ணிப் பார்த்தேன். ஐந்திலும் சேரவில்லை, ஏழிலும் சேரவில்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது."

ஆட்காட்டிக்கு அவமானமாகப் போய்விட்டது. இனி அளவு சரியாக இல்லாமல் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தது.

"நரி வந்தாலுமா?" என்று கேட்டது பெட்டை.

"நரி வந்தால் அதையும் அளவோடு சொல்வேன்."

"நரிக்கு அந்த அளவு தெரியுமா?"

ஆட்காட்டி பதில் சொல்லவில்லை. பதில் ஆறு எழுத்தில் வந்து நின்றது.

சித்திரை பிறந்தது. உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, பெட்டை குளத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து மேலே உட்காரும். அன்றும் போயிற்று. ஆட்காட்டி காவல் நின்றது. பக்கத்தில் நண்டு.

நாற்பது எட்டு வைக்கும் தூரத்தில், புதரோரம் நரி தெரிந்தது.

"நரி வருது," என்றது ஆட்காட்டி, மெல்லிய குரலில்.

"ஐந்து. சரி," என்றது நண்டு.

"புதர் ஓரமாக..."

"ஆறு. ஒன்று குறைகிறது."

ஆட்காட்டி கண்ணை மூடி யோசித்தது. நரி நின்று கேட்டது. இப்படி ஒரு காவலை அது பார்த்ததே இல்லை.

"என்னைப் பற்றியா தம்பி?" என்றது.

"ஆமாம். குறுக்கே பேசாதீர்கள். ஓர் எழுத்து இடிக்கிறது."

"'ஓரமாக' எதற்கு? 'ஓரம்' என்று சுருக்கு. பின்னால் 'மெதுவாய்' என்று போடு. நான் மெதுவாகத்தானே வருகிறேன்?" சொல்லிக்கொண்டே இருபது எட்டு வந்துவிட்டது.

"புதர் ஓரம் மெதுவாய்," என்று சொல்லிப் பார்த்தது ஆட்காட்டி.

"ஏழு. சரியோ சரி," என்றது நண்டு.

ஆட்காட்டிக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்க்கையில் முதன்முறையாக மூன்றாம் வரிக்கு வந்திருக்கிறது.

"பருவம் இன்னும் வரவில்லையே," என்றது நரி. இப்போது ஆறு எட்டுதான் மிச்சம். "அவசரப்படாதே. கண்ணை மூடிக்கொண்டு யோசி. நல்ல வரி நிதானமாகத்தான் வரும்."

ஆட்காட்டி கண்ணை மூடியது.

நனைந்த வயிற்றோடு திரும்பிய பெட்டை, குழிக்குள் நரியின் மூக்கைக் கண்டது. அது எதையும் எண்ணவில்லை. தொண்டை கிழியக் கத்தியது. ஆறு ஆட்காட்டிகளும் வந்து விழுந்தன. நரியின் காது கிழிந்தது. நரி ஓடிப்போயிற்று. வாயில் முட்டை இருந்ததால் விடைபெறவில்லை.

பெட்டை குழியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் உச்சியில் பெட்டை இறகு நனைக்கப் போனது. நண்டு பக்கவாட்டில் நகர்ந்து வந்தது.

"அந்த மூன்றாம் வரி என்ன ஆயிற்று?"

ஆட்காட்டி அதன் பக்கம் திரும்பவே இல்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தது. தனக்குத்தானே சொன்னது:

"நாலு இருந்த
குழியில் மூன்று முட்டை.
சித்திரை வெயில்."

பழக்கத்தில் நண்டின் கால்கள் தாமாக உயர்ந்தன. ஐந்து. ஏழு. ஐந்து. நண்டு ஏதோ சொல்ல வந்தது. பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தது.

அப்போது புதர் அசைந்தது. கிழிந்த காது ஒன்று தெரிந்தது.

ஆட்காட்டி கத்தியது. நாற்பது எட்டிலேயே கத்தியது. எத்தனை எழுத்து என்று யாரும் எண்ணவில்லை. நரி வந்த வழியே போயிற்று. வைகாசியில் மூன்று முட்டையும் பொரிந்தன.

ஆபத்தைக் கண்டவன் முதலில் கத்த வேண்டும். அதை அழகாகச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.